இருபத்தைந்து சென்டிமீட்டர்

வருடத்துக்குப் பதினான்கு சவப்பெட்டி வேண்டும் நகராட்சிக்கு,
கேட்பாரற்றுச் சாகிறவர்களுக்கு.
“பதினான்கு வரை” என்றுதான் டெண்டரில் இருந்தது.
குறைவாகச் செத்தால் குறைவாக வாங்குவார்கள்.

பைன் பலகை, பதினெட்டு மில்லிமீட்டர்.
உள்நீளம் நூற்றுத் தொண்ணூறு.
கைப்பிடிக்குக் கயிறு. மெத்தை வேண்டாம், வார்னிஷ் வேண்டாம்.
உத்தரவாதம்: இருபத்துநான்கு மாதம்.

லோனியா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
கடைசி வரியை மறுபடி படித்தாள்.
பள்ளிக்கூட நாற்காலிக்கு அடித்த படிவம்,
மாற்ற மறந்திருக்கிறார்கள்.
விளக்கம் கேட்டு எழுதினாள்:
பெட்டியில் குறை இருந்தால் புகார் செய்யப்போவது யார்?
மூன்றாம் நாள் பதில், போட்டியாளர் அனைவருக்கும் நகலோடு:
நிபந்தனையில் மாற்றமில்லை.
சரியென்று எழுதிக் கொடுத்தோம்.
வரி பாக்கி இல்லை, திவால் இல்லை, வழக்கு இல்லை.

நாங்கள் அறுபத்தொன்று யூரோ நாற்பது.
ரீகா கம்பெனி அறுபத்தொன்று தொண்ணூறு.
அன்று ராத்திரி லோனியா கணக்குப் போட்டாள்:
ஆணி விலை ஏறாவிட்டால் பெட்டிக்கு நாலு யூரோ மிஞ்சும்.
சாவை வைத்தா சம்பாதிக்கிறோம் என்றேன்.
நாலு யூரோவுக்குப் பேர் சம்பாத்தியமா என்றாள்.

ஜனவரியில் ஆஸ்பத்திரிப் பின்வாசலிலிருந்து போன்.
இருபத்துநாலு மணி நேரம் கெடு.
பெயர் கேட்கும் வழக்கமில்லை. கேட்டேன்.
டோனாட்ஸ்.

மாவட்டக் கூடைப்பந்து அணியில் நடுவில் நின்றவன்,
இரண்டு மீட்டர் நாலு.
பிறகு குடி, பிறகு கொதிகலன் அறை வேலை,
பிறகு அதுவும் இல்லை.
நகராட்சி நடைக்கூடத்தில் பல்பு போனால்
அவனைத்தான் கூப்பிடுவார்கள்;
ஏணி இல்லாமல், குதிகாலைக்கூடத் தூக்காமல் மாட்டுவான்.
ஒரு காபி தருவார்கள்.
அதற்கு டெண்டர் கிடையாது.

போகும்போது ஆறடி போதும் என்பது
ஆறடிக்குள் இருப்பவர்கள் சொன்னது.

முழங்காலை மடக்கிவிடலாம் என்றார் பிணவறைக்காரர்,
குடையை மடக்குவது போலச் சொன்னார்.
நான் ரம்பத்தை எடுத்தேன்.
இருநூற்றுப் பதினைந்து.

ஸ்கைத்ரீத்தே பில்லைத் திருப்பி அனுப்பினாள்.
நேரில் போனேன்.
“ஒப்பந்தத்தில் நூற்றுத் தொண்ணூறு.
வாங்கிக்கொண்டால் ரீகாக்காரன் கேஸ் போடுவான்.”
விலை அதேதானே?
“விலை அதே. பொருள் அதே இல்லை.”
அப்படியானால் நூற்றுத் தொண்ணூறு என்றே எழுதிவிடுங்கள்.
நிமிர்ந்து பார்த்தாள்,
பதினேழு வருஷமாய் ஓர் எண்ணைக்கூட மாற்றி எழுதாதவள்.
மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது.
வெளியே நடைக்கூடத்தில்
அவன் கடைசியாக மாட்டிய பல்பு எரிந்துகொண்டிருந்தது.

அவளே பிறகு சொன்னாள்:
“மிச்ச இருபத்தைந்தை நன்கொடை என்று எழுதுங்கள்.
நன்கொடை என்றால் மன்றம் தீர்மானம் போட்டு ஏற்க வேண்டும்.
பார்க்கலாம்.”

பிப்ரவரிக் கூட்டத்தில் பதினோராவது பொருள்,
பனி அள்ளும் வண்டிக்கும் நூலகக் கூரைக்கும் நடுவே:
பைன் பலகை, இருபத்தைந்து சென்டிமீட்டர்.
எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை.
கேட்காததிலிருந்துதான் எனக்குப் புரிந்தது,
எல்லோருக்கும் தெரியுமென்று.
பதின்மூன்று பேர் ஆதரவு. எதிர்ப்பு இல்லை.
தலைவர் கொஞ்ச நேரம் அடுத்த பொருளைப் படிக்காமல்
தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த டெண்டரில் ரீகா கம்பெனி
எங்களைவிட நாற்பது சென்ட் குறைத்தது. தோற்றோம்.
நிபந்தனையில் இரண்டு சொல் கூடியிருந்தது:
நீளம் நூற்றுத் தொண்ணூறு, அல்லது தேவைக்கேற்ப.
உத்தரவாதம் அப்படியே, இருபத்துநான்கு மாதம்.

இந்த மார்ச்சில் அந்தப் பல்பு போயிற்று.
ஏணி வாங்க விலைப்புள்ளி கேட்டிருக்கிறார்கள்,
மூன்று மீட்டர், அலுமினியம்.
லோனியா விளக்கம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள்:
மரத்தில் செய்தால் ஆகாதா?